0.7 கிராமுக்கு 13 ஆண்டு: உடைந்த அணு உலையை மூடுவது ஏன் ஒரே நாட்டால் முடிவதில்லை

2024 நவம்பரில் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. புகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தின் 2ஆம் உலைக்குள் உருகி உறைந்து கிடக்கும் எரிபொருளிலிருந்து ஒரு துணுக்கை முதன்முறையாக வெளியே எடுத்துவிட்டார்கள். எடை சுமார் 0.7 கிராம். விபத்து நடந்தது 2011 மார்ச்சில். மூன்று உலைகளிலும் சேர்த்து உள்ளே கிடப்பதாக மதிப்பிடப்படுவது 880 டன்.

மதுரைக்காரர்களுக்கு ஆலை மூடுவது புதிதல்ல. கேட்டில் பூட்டு, தொழிலாளிக்குக் கணக்குத் தீர்ப்பு, இயந்திரங்கள் காயலான் கடைக்கு, அப்புறம் நிலம் பிளாட்டாகும். அந்த நினைப்போடு புகுஷிமாவைப் பார்த்தால் எதுவுமே பிடிபடாது. மூடுவதற்கு 40 வருஷமா? ஜப்பான் போன்ற பணக்கார நாடு எதற்காக அமெரிக்காவையும் பிரான்ஸையும் இங்கிலாந்தையும் கூப்பிடுகிறது? கடலில் விட்ட தண்ணீர் நம்ம ஊர் மார்க்கெட் மீனுக்கு வருமா? எல்லாவற்றுக்கும் மேல், நம்மிடமிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் இருக்கும் கூடங்குளத்தில் இப்படி ஒன்று நடந்தால்? இவை எல்லாமே நியாயமான கேள்விகள். அடியிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

அணைத்த பிறகும் ஆறாத சூடு

அணு உலையில் யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது வெப்பம் வருகிறது. அந்த வெப்பத்தில் தண்ணீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே இறக்கினால் பிளவு சில நொடிகளில் நின்றுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே பிளந்த துண்டுகள், அதாவது அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றின் கதிரியக்க வகைகள், யார் சொல்லையும் கேட்காமல் தம்பாட்டுக்குச் சிதைந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் சூட்டுக்குச் சிதைவு வெப்பம் என்று பெயர்.

எவ்வளவு சூடு? கூடங்குளத்தின் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதற்காக உள்ளே உண்டாகும் வெப்பம் 3000 மெகாவாட். உலையை நிறுத்திய நொடியில் அதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு, சிதைவு வெப்பமாக மிஞ்சுகிறது. ஒரு நாள் கழித்து அது அரை சதவீதமாக, 15 மெகாவாட்டாகக் குறையும். குறைந்த பிறகு என்ன கவலை என்று தோன்றலாம். அந்த 15 மெகாவாட்டைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே வெளியேற்றுவதானால் நாளொன்றுக்குச் சுமார் 500 டன் தண்ணீர் வேண்டும். மதுரைத் தெருக்களில் வரும் 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் 40 நடைக்கு மேல். இது ஓர் உலைக்கு மட்டும், ஒரு நாளைக்கு மட்டும்.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3ஆம் உலைகள் ஒழுங்காகவே நின்றன. வெளி மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கழித்து 14, 15 மீட்டர் உயரத்துக்கு ஏறிய சுனாமி, பெரும்பாலான ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்தது. பம்ப் நின்றது, தண்ணீர் வற்றியது, எரிபொருள் உருகியது. உருகியது, தன்னை அடைத்திருந்த எஃகுக் கலத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, இரும்போடும் கான்கிரீட்டோடும் கலந்து உறைந்தது. உண்டான ஹைட்ரஜன் வாயு வெடித்து 1, 3, 4ஆம் கட்டடங்களின் மேற்பகுதியைப் பெயர்த்தெறிந்தது.

மூடுவது என்றால் எதை மூடுவது?

விபத்து நடக்காத அணுமின் நிலையத்தை மூடுவதற்கே பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அங்கே எது எங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்லிவிடும். புகுஷிமாவில் வரைபடத்தை நம்ப முடியாது. அங்கே வேலை கீழ்க்கண்ட வகைகளாகப் பிரிகிறது. ஒன்று முடிந்து இன்னொன்று என்றில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

1. குளிர்வித்தல். உறைந்த எரிபொருள் மீது இன்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

2. குளத்தில் இருக்கும் எரிபொருளை எடுத்தல். பயன்படுத்திய எரிபொருள் கற்றைகளை உலைக் கட்டடத்தின் மேல்தளத்திலேயே நீர்த்தொட்டியில் வைத்திருந்தார்கள். 4ஆம் உலைத் தொட்டியிலிருந்த 1,535 கற்றைகளும் 2014 இறுதிக்குள்ளும், 3ஆம் உலையின் 566 கற்றைகள் 2021 தொடக்கத்திலும் எடுக்கப்பட்டன. வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் உருப்படியாக முடிந்த வேலை இதுதான்.

3. உருகிய எரிபொருளை எடுத்தல். மலை போன்ற வேலை.

4. அழுக்கு நீர். உலையைக் குளிர்வித்த நீரோடு, மலைப்பக்கமிருந்து வரும் நிலத்தடி நீரும் மழைநீரும் சேர்கின்றன. 2014இல் நாளுக்கு 500 டன்னுக்கு மேல் சேர்ந்தது. மண்ணை உறையவைத்து நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பனிச்சுவர் எழுப்பியும், கிணறுகள் தோண்டி நீரை முன்னாலேயே இறைத்தும் இப்போது 100 டன்னுக்குக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள்.

5. எடுத்ததையெல்லாம் எங்கே வைப்பது? இதற்கு இன்னும் பதில் இல்லை.

மூன்றாவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் 13 ஆண்டு ஏன் என்பது விளங்கும். உள்ளே மனிதர் போக முடியாத அளவுக்குக் கதிர்வீச்சு. முதலில் அனுப்பிய சில ரோபோக்கள் இடிபாட்டில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டன. துணுக்கை எடுக்க 22 மீட்டர் நீளும் ரோபோ கையை இங்கிலாந்தில் செய்தார்கள். அதைச் சரிப்படுத்தத் தாமதமாகிக்கொண்டே போனதால், கடைசியில் ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் எளிய குழாய்க் கருவியைக் கையில் எடுத்தார்கள்.

2024 ஆகஸ்ட் 22 அன்று வேலை தொடங்க வேண்டும். கருவியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஐந்து குழாய்கள். அவற்றை வரிசை மாற்றி வைத்திருந்தது கடைசி நேரத்தில் தெரிந்தது. அன்றைய வேலை நின்றது. செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள். கேமரா படம் காட்டவில்லை, திரும்ப வெளியே. அக்டோபர் 30 அன்றுதான் நுனியிலுள்ள இடுக்கி ஒரு துணுக்கைப் பற்றியது. அதன் மேல் 20 சென்டிமீட்டர் தொலைவில் மணிக்கு 24 மில்லிசீவர்ட்டுக்கு (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கதிர்வீச்சு இருந்தால் உள்ளேயே திரும்பப் போட்டுவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். இருந்தது 0.2. நவம்பர் 7 அன்று பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. 2025 ஏப்ரலில் அதே உலையிலிருந்து இன்னொரு துணுக்கு, சுமார் 0.2 கிராம்.

880 டன்னில் 0.7 கிராம் என்பது 125 கோடியில் ஒரு பங்கு. ஆனாலும் அந்தப் பங்கு தேவை. உறைந்தது எவ்வளவு கடினம், எதோடு கலந்திருக்கிறது, வெட்டினால் தூளாகுமா என்பது தெரியாமல் வெட்டும் கருவியை வடிவமைக்க முடியாது. பெரிய அளவில் எடுக்கும் வேலை 3ஆம் உலையில் 2030களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் என்று சொல்லிவந்தார்கள். 2025இல் அதை 2037 அல்லது அதற்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். மொத்த வேலையும் 2051க்குள் முடியும் என்ற இலக்கு மட்டும் மாறவில்லை. இந்தக் கணக்கில் பார்த்தால் அது ஒப்புக்குச் சொல்லும் தேதியாகத்தான் தெரிகிறது.

வானத்திலிருந்து வந்த எக்ஸ்ரே

எரிபொருள் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கப் பயன்பட்ட முறைகளில் ஒன்று நம் வட்டாரத்துக்குப் பழக்கமானது. தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் வந்தபோது, மலைக்கு அடியில் ஏன் குடைய வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். விண்வெளிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி மியூயான் என்ற துகள்கள் மழையாகப் பொழிகின்றன. விரித்த உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கில். நியூட்ரினோ என்ற வேறொரு நுண்துகளைத் தேடுபவர்களுக்கு அவை இடைஞ்சல். அவற்றைத் தடுக்கத்தான் மலை. அந்தத் திட்டத்துக்கு முன்னோட்டமாக மதுரையில் வைத்த 85 டன் இரும்புக் காந்தக் கருவி அளப்பது இதே மியூயான்களைத்தான்.

பொட்டிபுரத்துக்கு இடைஞ்சலானது புகுஷிமாவுக்கு உதவியானது. மியூயான் கான்கிரீட்டைக்கூடக் கடந்துபோகும். ஆனால் யுரேனியம் போன்ற அடர்த்தியான பொருளில் அதிகமாகத் தடைபடும் அல்லது திசை மாறும். கட்டடத்துக்கு வெளியே கருவியை வைத்து மாதக்கணக்கில் எண்ணினால் உள்ளே இருப்பதன் நிழல் கிடைக்கும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகம், திசைமாற்றத்தை அளக்கும் முறையை முன்வைத்தது. ஜப்பானின் சொந்த ஆய்வாளர்கள் 2015இல் 1ஆம் உலையை இப்படிப் படம் பிடித்தபோது, எரிபொருள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எல்லாம் கீழே போய்விட்டது என்ற சந்தேகம் அப்போதுதான் உறுதியானது. எங்கே, எவ்வளவு போயிருக்கும் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுக்குழுக்கள் தத்தம் கணினி மாதிரிகளில் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டன.

கருவி கிடைக்கும், பணமும் கிடைக்கும்

உருகிய உலையைச் சுத்தம் செய்த அனுபவம் உலகில் யாருக்குமே அதிகம் கிடையாது. பெரிய மின்நிலையங்களில் இப்படி நடந்தது மூன்றே இடங்களில்.

முதலாவது, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட், 1979. எரிபொருளில் பாதியளவு உருகினாலும் எஃகுக் கலத்தைத் தாண்டவில்லை. 1985இல் தொடங்கி 1990க்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்து ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஜப்பான் பணமும் கொடுத்தது, பொறியாளர்களையும் அனுப்பியது. முப்பது வருடம் கழித்துக் கடன் திரும்பி வந்தது: அங்கே சுத்திகரிப்பை அமெரிக்க அரசு சார்பில் மேற்பார்த்த லேக் பாரெட், புகுஷிமா நிலையத்தை நடத்தும் டெப்கோவுக்கு ஆலோசகரானார்.

இரண்டாவது, செர்னோபில், 1986. இங்கே மூடுவதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது பணம். நான்காம் உலை வெடித்த பிறகும் மற்ற உலைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது பலருக்குத் தெரியாது. உக்ரைனுக்கு அந்த மின்சாரம் தேவைப்பட்டது. 1995இல் ஜி-7 நாடுகளோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2000 டிசம்பரில்தான் கடைசி உலை நின்றது. வெடித்த உலையின் மீது அவசரமாகக் கட்டிய கான்கிரீட் கூடு சிதையத் தொடங்கியிருந்தது. 1997இல் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியில் ஒரு நிதி தொடங்கினார்கள். 45 நாடுகள் பணம் போட்டன. அதில் உருவானதுதான் 108 மீட்டர் உயரம், 257 மீட்டர் அகலமுள்ள எஃகு வளைவு. கதிர்வீச்சு குறைந்த இடத்தில் கட்டி, 2016 நவம்பரில் தண்டவாளத்தில் தள்ளி உலையை மூடினார்கள். வளைவுக்கு மட்டும் செலவு சுமார் 150 கோடி யூரோ. நூறு ஆண்டு தாங்க வேண்டியது. 2025 பிப்ரவரியில், போருக்கு நடுவே, ஒரு டிரோன் வந்து கூரையில் ஓட்டை போட்டுவிட்டது. எந்தப் பொறியாளரும் போட்டிருக்க முடியாத கணக்கு.

மூன்றாவது, புகுஷிமா. விபத்து நடந்த மூன்று மாதத்திலேயே அமெரிக்காவின் குரியன், பிரான்ஸின் அரேவா நிறுவனங்களின் கருவிகள் அழுக்கு நீரைச் சுத்தம் செய்யத் தொடங்கின. ஆனால் நீண்டகால வேலையை ஜப்பான் தன் கைக்குள்ளேயேதான் வைத்திருந்தது. 2013இல் சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் ஜப்பானிய நிறுவனங்கள்.

வழக்கு வந்தால் யார் தலையில்?

வெளிநாட்டு நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, வக்கீல் நோட்டீஸ். உடைந்த உலையில் வேலை செய்யும்போது ஏதாவது கசிந்தால் வழக்கு யார் மேல்? 2011இல் உதவிக்குப் போன அமெரிக்கக் கடற்படை வீரர்களே அடுத்த ஆண்டு கலிபோர்னியா நீதிமன்றத்தில் டெப்கோ மேல் வழக்குப் போட்டார்கள். இதைப் பார்த்த எந்த நிறுவனமும் யோசிக்கத்தானே செய்யும்.

இதற்காக இருப்பது அணுச் சேதத்துக்கான துணை இழப்பீட்டு உடன்படிக்கை. சாரம் இரண்டே:

அ. விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் வழக்கு. பொறுப்பு முழுவதும் நிலையத்தை நடத்துபவருக்கே. கருவி கொடுத்தவருக்கோ வேலைக்கு வந்தவருக்கோ இல்லை.

ஆ. இழப்பீட்டுத் தொகை ஒரு அளவைத் தாண்டினால் உறுப்பு நாடுகள் சேர்ந்து ஒரு பங்கைப் போடும்.

ஜப்பான் 2015 ஜனவரியில் இதில் சேர்ந்தது; அதன் பிறகே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதாவது விபத்துக்கு நாலு வருஷம் கழித்து. முதல் பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு ஒரே முகவரியைக் காட்டுகிறது என்பது உண்மை. மட்டமான கருவி விற்றவரைத் தப்பவிடுகிறது என்பதும் உண்மை. போபாலை மறக்காத இந்தியா 2010இல் கொண்டுவந்த சட்டத்தில், கருவியில் குறை இருந்தால் விற்றவரிடமும் பணத்தைக் கேட்கலாம் என்று ஒரு பிரிவு வைத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் முரண்டு பிடித்தது அந்த ஒரு பிரிவுக்காகத்தான். இந்தியா 2016இல் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

கடலில் விட்ட தண்ணீரை அளப்பது யார்?

கருவி, பணம், சட்டம் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது இதுதான். சுத்தம் செய்த நீர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன்னைத் தாண்டியது. சுத்திகரிப்பில் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். டிரிட்டியத்தை முடியாது, அது ஹைட்ரஜனின் ஒரு வகை, தண்ணீராகவே இருக்கிறது. 12.3 ஆண்டில் பாதியாகக் குறையும். ஆகவே கடல்நீரைக் கலந்து லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) கீழே கொண்டுவந்து, ஆண்டுக்கு 22 லட்சம் கோடி பெக்கரலைத் தாண்டாமல் விடுவது என்று முடிவு செய்தார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000. 2023 ஆகஸ்ட் 24 அன்று விடத் தொடங்கினார்கள். அன்றே சீனா ஜப்பானிய மீனுக்குத் தடை போட்டது.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தூத்துக்குடி, ராமேஸ்வரம் மீனை வாங்கும் மதுரைக்காரர் கவலைப்பட ஒன்றுமில்லை. விட்ட இடம் பசிபிக் கடல், அளவும் சிறிது. ஆனால் சீனாவும் தென்கொரியாவும் சண்டை போட்டது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. அந்த எண்ணைச் சொல்வது டெப்கோ. அந்த நிறுவனம் முன்பு பாதுகாப்புப் பதிவேடுகளைத் திருத்தி 2002இல் பிடிபட்டது. அப்படிப்பட்டவர் தரும் ரசீதை யார் நம்புவார்?

இங்கேதான் வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை நுழைந்தது. 11 நாட்டு நிபுணர்களைச் சேர்த்துக் குழு போட்டு இரண்டு வருடம் ஆராய்ந்தது. சீனா, கொரியா, ரஷ்யா, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. தொட்டி நீரின் மாதிரிகளைப் பிரித்து சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, கொரியா ஆய்வகங்களுக்கு அனுப்பி, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தது. அப்புறம் சீன ஆய்வாளர்களே வந்து கடல்நீரையும் மீனையும் எடுத்துப் போனார்கள். 2024 செப்டம்பரில் கூடுதல் சோதனைக்கு ஜப்பான் ஒத்துக்கொண்டது. 2025 ஜூனில் சீனா தடையை ஓரளவு தளர்த்தியது. 2025 நவம்பரில் அரசியல் மறுபடி முறுக்கிக்கொண்டதும் தடையும் திரும்ப வந்தது. அதற்காக இந்த முறை தோற்றதாக ஆகாது. உன் தண்ணீரை உன் எதிராளியே அளக்கட்டும் என்பதைவிட நல்ல வழியை இதுவரை யாரும் சொல்லவில்லை.

கூடங்குளத்துக்கு இதில் என்ன?

கூடங்குளம் புகுஷிமா போன்ற வடிவமைப்பு இல்லை. எரிபொருள் உருகி இறங்கினால் பிடித்துக்கொள்ள உலைக்கு அடியில் ஒரு தாங்கி இருக்கிறது. மின்சாரமே இல்லாமல் காற்றோட்டத்தால் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடும் இருக்கிறது. புகுஷிமாவில் இரண்டுமே இல்லை. இதைச் சொல்லாமல் பயமுறுத்துவது நேர்மையாகாது.

அதே நேரம் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

முதலாவது பணம். இந்தியாவில் அணுமின் நிலையத்தை எதிர்காலத்தில் மூடும் செலவுக்காக ஒரு யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்குகிறார்கள். 1000 மெகாவாட் உலை, ஆண்டில் 80 சதவீத நேரம் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட். 2 பைசா வீதம் 14 கோடி ரூபாய். நாற்பது ஆண்டுக்கு வட்டி சேர்க்காமல் 560 கோடி. வயதாகி ஓய்வுபெறும் உலையை மனதில் வைத்த கணக்கு இது. புகுஷிமாவை மூடும் வேலைக்கு மட்டும் ஜப்பான் போட்டிருக்கும் மதிப்பீடு 8 லட்சம் கோடி யென்; நம் பணத்தில் நான்கு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உடைந்த உலைக்கு 2 பைசா எந்த மூலைக்கு?

இரண்டாவது அளவீடு. கூடங்குளத்தைச் சுற்றியுள்ள கடல்நீர், மீன், பால், மண் எல்லாவற்றிலும் கதிரியக்கம் அளக்கப்படுகிறது. அளப்பது அணுசக்தித் துறையின் சொந்த ஆய்வகம். எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் இடிந்தகரையில் 2011இலிருந்து கேட்கும் கேள்வி பெய்ஜிங்கில் கேட்ட அதே கேள்விதான். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. எடுக்கும் மாதிரியை மீனவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பி, இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் தமிழில் வெளியிடுவதற்கு வியன்னாவின் அனுமதியும் தேவையில்லை, 45 நாட்டு நிதியும் தேவையில்லை. விபத்து நடக்காத காலத்து எண்கள் கையில் இருந்தால்தான், நடந்த பிறகு வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று ஊருக்குத் தெரியும். புகுஷிமா கடலோர மீனவர்களுக்கு வெளியாரும் அளக்கும் அந்த ஏற்பாடு வந்தது விபத்துக்குப் பிறகுதான்.